கமராவுக்கு வைத்த பொட்டு

ரிஸ்வான் என் கமராவைத் திருப்பிப் பிடித்து, அதன் முகத்தை மேசை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தார். கமராவை மணந்து பார்க்கிற மனிதரை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

கொட்டாஞ்சேனையில் அது ஓர் ஒடுங்கிய கடை. உள்ளே இருவர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்கவேண்டும். நான் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், அவருடைய வாப்பா அந்தக் கடையில் இருந்து மணிக்கூடு, ரேடியோ எல்லாம் திருத்தினார். மகன் கமராவுக்கு மாறிவிட்டார்.

"சேர், ஊட்ல பூசை ஏதும் வெச்ச?"

"ஏன் ரிஸ்வான்?"

"இது சந்தனம். மேல குங்குமமும் ஈக்கி. லென்ஸ் முழுக்க நல்லாத் தேச்சி உட்டீக்கி."

எனக்குப் பக்கத்தில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒருவர் தன் கமராவுக்காகக் காத்திருந்தார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தார். தெருவில் பார்க்க ஒன்றுமில்லை.

நாலு நாளாக ரொறன்ரோவில் இருந்து லண்டன் வரை என் உறவினர் எல்லோரும் புகழ்ந்த பொன்னிற மாலை ஒளி ஒன்று என் படங்களில் இருந்தது. அதை எப்படிக் கொண்டுவந்தேன் என்று எல்லோருக்கும் வகுப்பு வேறு எடுத்திருந்தேன். அந்த ஒளியை ரிஸ்வான் ஒரு துணித்துண்டால் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. நாங்கள் நாலாம் மாடி. போன கிழமை இந்தப் பத்தியில் எங்கள் லிஃப்டைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு, தொடர்மாடிச் சங்கத் தலைவர் என்னோடு கதைப்பதில்லை. ஆகவே இந்தக் கிழமை லிஃப்டை விடுகிறேன். அது ஓடாத நாட்களில் என் மனைவி மலரால் கீழே இறங்க முடியாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மலருக்கு முழங்கால் வருத்தம். கடற்கரைக்குப் போவதென்றால் தண்டவாளத்தைக் கடந்து கல்லில் கால் வைத்து இறங்கவேண்டும். அதை அவர் விட்டுக் கனகாலம். ஆனால் கடலை விடவில்லை. பின்னேரம் ஐந்தரைக்கு இரண்டு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பல்கனிக்கு வருவார். தன் பிரம்புக் கதிரையில் இருந்து சூரியன் போகுமட்டும் பார்ப்பார். எங்கள் ஒரே மகள் துளசி கனடாவுக்குப் போன அன்றும் அப்படித்தான் இருந்தார். எனக்கு வயிற்றோட்டம் வந்து படுத்திருந்த அன்றும் அப்படித்தான்.

முன்னால் இருந்த பழைய ஓட்டு வீட்டை உடைத்தபோது நாங்கள் பெரிதாக யோசிக்கவில்லை. பிறகு ஒரு பலகை நட்டார்கள். பத்து மாடி வரப்போவதாக அதில் படம் போட்டிருந்தது. அந்தப் படத்தில் கடல் வெகு அழகாகத் தெரிந்தது, அங்கே வீடு வாங்கப்போகிறவர்களுக்கு.

மலர் அழவில்லை. "இனி நான் என்னத்தைப் பாக்கிறது?" என்று மட்டும் கேட்டார். உடனே வாயைக் கொடுத்தேன்.

"கவலைப்படாதையும். அதுக்கு முதல் நல்ல படம் ஒண்டு எடுத்து, பெரிசா அடிச்சு, உம்மடை கதிரைக்கு முன்னாலை சுவரிலை மாட்டித்தாறன்."

மலர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"நுவரெலியாப் படம் மாதிரியோ?"

நுவரெலியாவில் முப்பத்தாறு சிரிப்பு

இதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. கல்யாணம் முடித்த புதிதில் நாங்கள் நுவரெலியாவுக்குப் போனோம். நண்பர் ஒருவரின் கமராவை இரவல் வாங்கி, நானே ஃபிலிம் சுருள் போட்டேன். முப்பத்தாறு படம். மலர் டேலியாப் பூவுக்குப் பக்கத்தில் சிரித்தார், வாவிக் கரையில் சிரித்தார், குளிரில் பல் கிட்டியபடி பேருந்து நிலையத்தில் சிரித்தார். நான் ஒவ்வொரு தடவையும் "ஆ, அருமை" என்றேன்.

கொழும்புக்கு வந்து கழுவக் கொடுத்தால் சுருளில் ஒன்றுமில்லை. ஃபிலிமின் நுனி பல்லில் கொளுவுப்படவே இல்லையாம். முப்பத்தாறு தடவையும் நான் வெறுமையைத்தான் படம் பிடித்திருக்கிறேன்.

"முப்பத்தாறு தரம் சிரிச்சனான்" என்று மலர் இன்றைக்கும் சொல்வார். விருந்தினர் வந்தால் சொல்வார், மரக்கறிக்காரரிடம்கூட ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு நான் கமராவைத் தொடவில்லை. ஆகவே இந்தச் சூரியன் எனக்கு ஒரு பொழுதுபோக்கு அல்ல. இந்த முறையாவது மலருக்கு ஒரு படம் வரவேண்டும்.

அறுபத்திரண்டு வயதில் ஏடு தொடக்கல்

துளசி கமராவை அனுப்பிவைத்தபோது நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. பெட்டியை உடைக்க நான் துடித்தேன். மலர் விடவில்லை.

"சரஸ்வதி பூசைக்கு வைச்சுப்போட்டு விஜயதசமியண்டு தொடங்குங்கோ. படிக்கிற சாமான்தானே."

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லாததால், கும்பத்துக்கு முன்னால் அந்த வருடம் என் கமராதான் இருந்தது, ஒரு பழைய அகராதிக்கும் மலரின் சமையல் குறிப்புக் கொப்பிக்கும் நடுவில். விஜயதசமியன்று காலை குளித்து, திருநீறு பூசி, கமராவைக் கையில் எடுத்தேன். பச்சரிசியில் 'அ' எழுதுவதற்குப் பதிலாக ஆன் பொத்தானை அமத்தினேன்.

பூசையின்போது அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மலர் எல்லாச் சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்து, கமராவில் தடக்கி நின்றிருக்கிறார். எங்கே வைப்பது? முகத்தில்தான் வைக்கவேண்டும். கமராவுக்கு முகம் எது? மூடியைக் கழற்றினால் வட்டமாக ஒரு கண்ணாடி. சரியாக நடுவில் வைத்துவிட்டார். மறுநாள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து மூடியைப் போட்டுவிட்டார். அதோடு காரியம் முடிந்தது.

நான் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். கமராவை நான் எப்போதும் பின்னால் இருந்துதான் பார்த்தேன். அதற்கு முன்பக்கம் ஒன்று உண்டு, அதையும் ஒருநாள் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரொம்ப சிம்பிள் நண்பர்களே

என் ஆசிரியர் யூடியூபில் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர். ஒவ்வொரு பாடத்தையும் "ரொம்ப சிம்பிள் நண்பர்களே" என்று தொடங்குவார். அதற்குப் பிறகு வருவது எதுவும் சிம்பிளாக இருக்காது.

முதலில் ஐஎஸ்ஓ. கமரா வெளிச்சத்துக்கு எவ்வளவு ஆசைப்படவேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. கூட்டிவிட்டால் மங்கல் பொழுதிலும் எல்லாம் தெரியும். ஆனால் படம் முழுக்க ரவை கொட்டியதுபோல் இருக்கும். மலர் எட்டிப் பார்த்து, "இதிலை நாளைக்கு உப்புமாக் கிண்டலாம்" என்றார். நூறில் வைத்துவிட்டு அதைத் தொடாமல் விட்டேன்.

அடுத்தது துவாரம். எண் கூடினால் துவாரம் சிறுக்குமாம். இளம் ஆட்களே இதில் தடுமாறுவார்கள் என்றார் ஆசிரியர். நான் தடுமாறவில்லை. அலுவலகத்தில் மூன்றாம் தரத்தில் இருந்து முதலாம் தரத்துக்கு ஏற எனக்கு அரைவாசிச் சீவியம் போனது. எண் குறையக் குறையக் கதிரை பெருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முழு வாழ்க்கையிலும் கமராவில் எனக்கு ஒரே தடவையில் விளங்கிய விஷயம் இதுதான்.

பிறகு ஷட்டர் வேகம். மெதுவாக வைத்தால் கடல் பால்போல் வரும் என்றார்கள். மூன்றுகாலியில் கமராவைப் பூட்டி, மலரை அசையாமல் இருக்கச் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமத்தினேன். அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு இரத்மலானைப் பக்கம் போகும் ரயில் கடலோரத் தண்டவாளத்தில் வந்தது. ரயில் வந்தால் எங்கள் கட்டடம் மெல்லச் சிணுங்கும். படத்தில் இரண்டு தொடுவானம் விழுந்திருந்தது.

நிறத்தைக் கமராவின் பொறுப்பில் விட்டபோது இன்னொரு கூத்து. செம்மஞ்சளைப் பிழையென்று நினைத்து அது திருத்திவிட்டது. "இது பின்னேரமோ, மத்தியானமோ?" என்று மலர் கேட்டார். அதை நிழல் என்ற நிலைக்கு மாற்றவேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று பின்னேரம் போனது.

இதற்கிடையில் மலருக்கு வேறொரு குறை இருந்தது.

"எல்லாத்திலையும் கடலும் வானமும்தான். ஆக்கள் இல்லாத படத்தை ஆர் சுவரிலை மாட்டினது?"

"இதுக்குப் பேர் நிலக்காட்சி, மலர். ஆக்கள் நிக்கக்கூடாது."

"செத்த வீடு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

முன்னால் கட்டடம் வளர்ந்துகொண்டே வந்தது. நான் ஐஎஸ்ஓவைப் படித்து முடிக்கையில் இரண்டாம் மாடிக்குக் கொங்கிறீட் போட்டார்கள். ஷட்டர் வேகம் விளங்கும்போது மூன்றாம் மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைவிட அவர்கள் வேகமாகப் படித்தார்கள்.

காகம்

பிறகு ஒரு பின்னேரம் எல்லாம் கூடிவந்தது. ஐஎஸ்ஓ நூறு, துவாரம் எஃப் இருபத்திரண்டு, செக்கனில் அறுபதில் ஒரு பங்கு. திரையில் பார்த்தபோது எனக்கே நம்பமுடியவில்லை. சூரியனைச் சுற்றி மென்மையான பொன் வளையம், கடல் முழுக்க அதே பொன். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பெரியம்மாவின் மகள் கைகூப்பினாள். துளசி, "அப்பா, நீங்களா எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். அந்த 'நீங்களா' கொஞ்சம் நீளமாக இருந்ததை நான் கவனிக்காததுபோல் விட்டேன். எனக்குத் தலை கால் தெரியவில்லை. அடுத்த நாள் இன்னொரு படம், அதற்கடுத்த நாள் இன்னொன்று. கீழே செற்றிங் விபரம். சின்னத் துவாரம் போட்டால் ஒளி கனியும் என்று ஒரு தத்துவமும் எழுதினேன். அதை எந்தப் புத்தகத்திலும் நீங்கள் காணமாட்டீர்கள்.

லண்டனில் இருக்கும் மலரின் தம்பி சிவா என்னைவிடப் பெரிய கமரா வைத்திருப்பவன். அவன் நான் சொன்ன எண்களை எல்லாம் போட்டுப் பார்த்தும் அந்த ஒளி வரவில்லையாம். குரல் பதிவு அனுப்பினான்.

"அத்தான், படம் எல்லாம் திறம். ஆனால் ஒரு சந்தேகம். வலப்பக்கம் மேலை ஒரு காகம் நிக்குது. அது ஏன் நாலு நாளும் ஒரே இடத்திலை நிக்குது?"

நாலு படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். உண்மைதான். மங்கலான ஒரு புள்ளி, நாலிலும் ஒரே இடத்தில். அதைத்தான் முதல் நாள் நான் "கூடு திரும்பும் தனிப்பறவை" என்று வர்ணித்திருந்தேன். கூடு திரும்பும் பறவை நாலு நாளாகத் திரும்பவில்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன்.

சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை

ரிஸ்வான் லென்ஸைத் துடைத்தார். என் மெமரி கார்டைக் கழற்றி ஒரு கடதாசியில் சுற்றி என் கையில் தந்துவிட்டு, தன்னுடையதைப் போட்டுத் தெருவை ஒரு படம் எடுத்துக் காட்டினார். மின்கம்பியில் இருந்த தூசிகூடத் தெரிந்தது.

"இப்ப பாருங்க சேர், சுத்தமா ஈக்கி. காகமும் பறந்துட்டு" என்று தன் கார்டைக் கழற்றிக்கொண்டு கமராவைத் தந்தார்.

முச்சக்கரவண்டியில் திரும்பும்போது எனக்கு வெட்கம். வெட்கம் வெள்ளவத்தைக்கு வரும்போது கோபமாகிவிட்டது. பல்கனிக்குப் போய்க் கமராவுக்குள்ளால் பார்த்தேன். சூரியன் வெறும் வட்டமாக நின்றது. கம்பி, பாரந்தூக்கி, சீமெந்து மூட்டை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. பொன்னைக் காணவில்லை. படம் எடுக்க மனம் வரவில்லை.

"மலர், லென்ஸிலை சந்தனம் வைச்சனீரோ?"

"ஓம். பூசைக்கு வைச்ச சாமான் எல்லாத்துக்கும் வைச்சனான்."

"உமக்கு ஒண்டும் தெரியாதெண்டால் தொடாமல் இருந்திருக்கலாம்! மூண்டு கிழமை வீணாப்போச்சு!"

மலர் என்னைப் பார்த்தார். "ஓம், எனக்கு ஒண்டும் தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் ஐந்தரைக்கு ஒரு தேத்தண்ணி மட்டும் மேசையில் இருந்தது. பிரம்புக் கதிரை ஹோலுக்குள் போயிருந்தது. மலர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதில் இருந்து, தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்தார். மழையும் தூறியது. எஞ்சியிருந்த சில பின்னேரங்களில் ஒன்றை அவருக்கு இல்லாமல் ஆக்கியது அந்தக் கட்டடம் அல்ல, நான். அதை நினைக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் மத்தியானம் மரக்கறி வாங்கக் கீழே போனபோது, வேலைத்தளத்து மேற்பார்வையாளர் மதிலுக்கு மேலால் கையசைத்தார். என் மூன்றுகாலியைத் தினமும் கீழிருந்து பார்க்கிறவர்.

"அங்கிள், ஹெட்ட நெட் எக கஹனவா."

நாளைக்குக் கட்டடத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டுகிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அது கட்டினால் சரி, இனிக் கடல் இல்லை.

கடைசிப் பின்னேரம்

படியேறும்போதே குழுவில் எழுதினேன்: "அந்த ஒளி என்னுடைய செற்றிங் அல்ல. மலர் பூசைக்கு வைத்த சந்தனம். காகம் குங்குமம். என் தத்துவத்தை எல்லோரும் அழித்துவிடவும்." சிவா சிரித்துச் சிரித்து எட்டு முகம் போட்டான். துளசி, "அப்ப அம்மாதான் ஃபோட்டோகிராபர்" என்று எழுதினாள்.

ஐந்தரைக்குக் கமராவை ஒரு கையிலும் சாமியறைச் சந்தனக் கிண்ணத்தை மறுகையிலும் வைத்துக்கொண்டு மலருக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் அப்பிடிக் கதைச்சது பிழை. பொட்டு வையும்."

"எதுக்கு? திரும்பவும் ஏச்சு வாங்கவோ?"

"நாளைக்கு வலை கட்டினமாம். முந்தி வைச்ச மாதிரியே வையும்."

மலர் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். குழுவில் வந்ததை ஏற்கெனவே வாசித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. சந்தனத்தைக் குழைத்து, மோதிர விரலால் கண்ணாடியின் நடுவில் வைத்து, குங்குமமும் தொட்டு, வீட்டில் உடுத்தும் சோட்டியின் நுனியால் ஒரு துடை துடைத்தார். "இவ்வளவும்தான் அண்டைக்கும் செய்தனான்" என்றார். நான் பிரம்புக் கதிரையைப் பல்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

மழை விட்ட வானம். சூரியன் முகில் விளிம்புக்குக் கீழே இறங்கி, கடலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்றுகாலிக்குப் பின்னால் குனிந்து அமத்தினேன். திரையில் பொன் வந்தது. "ஆ, அருமை" என்றேன். பத்துத் தடவை, பதினைந்து தடவை அமத்தினேன். ஒவ்வொரு படத்திலும் மூலையில் ஏதோ சின்னச் சிவப்பு எழுத்து. அதுவும் ஒரு செற்றிங் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"அந்தச் சிவப்பிலை என்ன எழுதியிருக்கு?" என்று மலர் கேட்டார்.

கண்ணாடியை எடுத்துப் போட்டேன். கார்ட் இல்லை என்று எழுதியிருந்தது.

ரிஸ்வான் கடதாசியில் சுற்றித் தந்த கார்ட்! அன்று போட்ட சேட்டின் பொக்கற்றில்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் ஓடின. குளியலறையில் ஊத்தை உடுப்புக் கூடையைக் கவிழ்த்தேன். சேட் அடியில் இருந்தது, கடதாசி பொக்கற்றில் இருந்தது. எடுத்துக்கொண்டு பல்கனிக்கு வந்தபோது சூரியன் இல்லை. கடல் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

நிலத்தில் இருந்துவிட்டேன். நுவரெலியா என்ற சொல் மலரின் வாயில் இருந்து வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நியாயம்தான். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"இஞ்சேருங்கோ" என்றார் மலர். "துளசிக்கு அனுப்ப நான் ஒண்டு எடுத்தனான்."

தன் கைத்தொலைபேசியை நீட்டினார். அதில் கடல் இருந்தது. சூரியனைச் சுற்றி அதே பொன் வளையம், கடல் முழுக்க அதே பொன். தொலைபேசியைத் திருப்பிப் பார்த்தேன். இப்போது எதையும் முன்பக்கமும் பார்க்கப் பழகிவிட்டேன். அதன் சின்னக் கண்ணாடியில் மலரின் மோதிர விரல் மஞ்சளாகப் பதிந்திருந்தது. கமராவுக்குப் பொட்டு வைத்த கையைக் கழுவாமலே எடுத்திருக்கிறார்.

படத்தில் நானும் இருந்தேன்.

இப்போது எங்கள் பல்கனிக்கு முன்னால் பச்சை வலையும் அதற்குப் பின்னால் சீமெந்தும்தான். பிரம்புக் கதிரை ஹோலுக்குள் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. சுவரில் அந்தப் படம், பெரிதாக அடித்து, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். இடப்பக்கம் முழுக்க, மடித்துக் கட்டிய சாரமும் பெனியனுமாக உலகத்துக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நான் குனிந்து நிற்கிறேன். என் முழங்கைக்கு அப்பால் சூரியன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள், பிறகுதான் கடலைப் பார்க்கிறார்கள்.

போன கிழமை ஐந்தரைக்கு இரண்டு தேத்தண்ணியோடு அதற்கு முன்னால் இருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"மலர், என்னை வெட்டிப்போட்டு அடிச்சிருக்கலாம். கட்டடம் மறைக்க முதலே கடலிலை பாதியை நான் மறைச்சிட்டன்."

மலர் படத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கள் மறைச்சால் பரவாயில்லை" என்றார். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."